28 நாள் வரை ஒரு குழந்தையும் கணக்கில் விடுபடாமல்: கிராமப்புற மருத்துவமனைகளில் பச்சிளங்குழந்தை உயிர்பிழைப்பைக் கண்காணிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

மாதம் 50 பிரசவம் பார்க்கும் ஒரு கிராமப்புற மருத்துவமனை, "போன வருடம் எங்களிடம் பச்சிளங்குழந்தை இறப்பே இல்லை" என்று சொன்னால், மகிழ்வதற்கு முன் பதிவேட்டைத் திறந்து பார்க்க வேண்டும். 2022-ல் உலகெங்கும் சுமார் 23 லட்சம் குழந்தைகள் பிறந்த 28 நாட்களுக்குள் இறந்தன. உயிருடன் பிறந்த 1000 பேருக்கு ஏறத்தாழ 17. அந்தச் சராசரிப்படி பார்த்தால் 600 பிறப்புகளில் சுமார் 10 இறப்புகள் இருக்கும். நல்ல பராமரிப்பால் அது 5 ஆகலாம், 3 கூட ஆகலாம். பூஜ்யம் என்று பதிவேடு காட்டினால், பெரும்பாலும் அந்தக் குழந்தைகள் வேறெங்கோ போய்விட்டார்கள்: ஒன்று "இறந்தே பிறந்தது" என்ற கட்டத்தில், இல்லையென்றால் பெரிய மருத்துவமனைக்குப் போகும் ஆம்புலன்ஸில், அதுவும் இல்லையென்றால் வீட்டில், மூன்றாம் நாள் இரவில்.

இந்த மூன்று ஓட்டைகளையும் அடைப்பதுதான் கண்காணிப்பின் பெரும்பகுதி. கணினி வேண்டாம். ஒரு கெட்டி அட்டைப் பதிவேடு, சரியாக வேலை செய்யும் எடை மெஷின், குறைந்த வெப்பத்தையும் காட்டும் தெர்மாமீட்டர், கடிகாரம், ஒரு தொலைபேசி, இதைத் தன் வேலையாக ஏற்றுக்கொண்ட ஒரு செவிலியர், அவர் விடுப்பில் போனால் பார்த்துக்கொள்ள இன்னொருவர். இவை போதும்.

படி 1: எது உயிருடன் பிறப்பு என்பதில் எல்லோரும் ஒத்துப்போக வேண்டும்

உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை தெளிவானது. கர்ப்ப வாரம் எத்தனையானாலும், தாயின் உடலிலிருந்து முழுதாக வெளிவந்த பிறகு மூச்சு, இதயத்துடிப்பு, தொப்புள்கொடியில் துடிப்பு, தசைகளில் தெளிவான அசைவு ஆகியவற்றில் ஒன்றாவது இருந்தால் அது உயிருடன் பிறந்த குழந்தை. பத்து நிமிடம் கழித்து இறந்தாலும் அது பச்சிளங்குழந்தை இறப்புதான். நாடுகளுக்கிடையே ஒப்பிடும்போது 28 வாரமோ அதற்கு மேலோ ஆகி, உயிர்க்குறி எதுவுமின்றிப் பிறப்பது இறந்து பிறப்பு. பிறந்த நாளை 0 என்று கொண்டு, 0 முதல் 6ஆம் நாள் வரை முற்கால இறப்பு, 7 முதல் 27ஆம் நாள் வரை பிற்கால இறப்பு. இதை ஒரு தாளில் எழுதி பிரசவ அறைச் சுவரில் ஒட்டுங்கள். இரவுப் பணியில் இருப்பவருக்கு இது மனப்பாடமாக இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது.

தவறு நடப்பது எங்கே? வெளிறித் துவண்டு, மூச்சில்லாமல் பிறக்கும் குழந்தை பார்வைக்கு இறந்ததுபோலவே இருக்கும். ஆனால் ஸ்டெதாஸ்கோப் வைத்தால் நிமிடத்துக்கு 50, 70 என்று இதயம் துடித்துக்கொண்டிருக்கலாம். யாரும் வைத்துப் பார்க்காவிட்டால், பை-முகமூடியால் (மூக்கையும் வாயையும் மூடும் முகமூடியோடு இணைந்த, கையால் அழுத்தும் பை) காற்று கொடுத்தால் பிழைக்கக்கூடிய குழந்தை துணியில் சுற்றி ஓரமாக வைக்கப்படுகிறது. தான்சானியாவில், பிறந்த முதல் நிமிடத்தில் மூச்சு கொடுக்கும் பயிற்சியைச் செவிலியர்களுக்கு அளித்தபின் என்ன ஆனது என்று ஆராய்ந்து 2013-ல் வெளியிட்டார்கள். முதல் 24 மணி நேர இறப்பு 47% குறைந்ததோடு, தோல் சிதையாத நிலையில் "இறந்து பிறந்தவை" எனக் கணக்கிடப்பட்டவையும் 24% குறைந்திருந்தன. அந்த இரண்டாவது எண்ணை நின்று யோசிக்க வேண்டும். முன்பு இறந்தே பிறந்ததாக எழுதப்பட்டவர்களில் சிலர் உயிரோடுதான் பிறந்திருக்கிறார்கள் என்பதுதான் அதற்கு முக்கிய விளக்கம்.

இன்னொரு காரணமும் உண்டு. "இறந்தே பிறந்தது" என்று எழுதினால் விசாரணை குறைவு. இறப்பு எண்ணிக்கையைக் காட்டித் திட்டும் மேலதிகாரி இருக்கும் இடத்தில் இந்தக் கட்டம் நிரம்பிக்கொண்டே போகும். அதைப் பயிற்சியால் சரிசெய்ய முடியாது, திட்டுவதை நிறுத்தினால்தான் சரியாகும்.

சரிபார்க்க ஒரே நம்பகமான வழி, தாய் வந்து சேர்ந்தபோது கருவின் இதயத்துடிப்பு இருந்ததா என்ற பதிவு. டாப்ளரோ (கருவின் துடிப்பை ஒலியாகக் கேட்கவைக்கும் கையடக்கக் கருவி), மரக்குழல் ஸ்டெதாஸ்கோப்போ எதுவானாலும், வலி அடங்கியதும் முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டும். அதே சமயம் தாயின் மணிக்கட்டு நாடியையும் பிடித்துப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக ஓடினால் கேட்டது தாயின் துடிப்பு. இயல்பு 110 முதல் 160. பதிவில் மூன்று விடைகளுக்கு மட்டும் இடம் கொடுங்கள்: துடிப்பு உண்டு (எண்ணிக்கையுடன்), துடிப்பு இல்லை, பார்க்கவில்லை. மூன்றாவதை எழுத வெட்கப்படக் கூடாது. "பார்க்கவில்லை" என்று நேர்மையாக எழுதிய 20 வரிகள், கற்பனையாக 140 என்று எழுதிய 20 வரிகளைவிட நூறு மடங்கு பயனுள்ளவை.

வரும்போது துடிப்பு இருந்து, உயிரின்றிப் பிறந்தால், மரணம் மருத்துவமனைக்குள் நடந்திருக்கிறது. தோல் உரிந்து நிறம் மாறியிருந்தால் பொதுவாக 12 மணி நேரத்துக்கு முன்பே கருப்பையில் இறந்திருக்கும். ஆனால் தோலை மட்டும் வைத்து முடிவு செய்தால் ஏமாறுவோம். துடிப்புப் பதிவுதான் முதல் சான்று.

படி 2: பதிவேடு

ஒரு குழந்தைக்கு ஒரு வரி. இரட்டையர் என்றால் இரண்டு வரி. இறந்து பிறந்த குழந்தைக்கும் ஒரு வரி, வரிசை எண்ணும் உண்டு. ஜனவரி 1-ல் எண் 1 தொடங்கி ஆண்டு முழுக்கத் தொடரும்.

கட்டங்கள் இவை: வரிசை எண், தாயின் பெயர், இரண்டு தொலைபேசி எண்கள் (ஒன்று தாய் வீட்டினுடையது), வரும்போது கருவின் துடிப்பும் பார்த்த நேரமும், பிறந்த தேதியும் நேரமும், பிரசவ வகை, கர்ப்ப வாரம், அதை எப்படிக் கணக்கிட்டது (கடைசி மாதவிடாயா, ஸ்கேனா, உத்தேசமா), பாலினம், எடை கிராமில், மூச்சு (தானாக, துடைத்துத் தூண்டியபின், பை-முகமூடியால்), ஒரு மணி நேரத்தில் உடல் வெப்பம், முதல் தாய்ப்பால் கொடுத்த நேரம், வெளியேறிய நிலை, 7ஆம் நாள் நிலை, 28ஆம் நாள் நிலை. இதற்கு மேல் வேண்டாம். 40 கட்டம் உள்ள பதிவேடுகள் பல இடங்களில் உண்டு. அவற்றில் கடைசி இருபது எப்போதும் காலியாக இருக்கும், காலியான கட்டத்தைப் பார்த்துப் பழகிய கண் முக்கியமானது காலியாக இருந்தாலும் கவனிக்காது.

வேறிடத்தில் பிறந்து இங்கே சேர்க்கப்படும் குழந்தைகளுக்குத் தனிப் பக்கமோ தனிப் பதிவேடோ வையுங்கள். அவர்களின் இறப்பை உள்ளே பிறந்தவர்களின் எண்ணிக்கையால் வகுத்தால் வரும் எண்ணுக்குப் பொருளே இல்லை.

மாதம் ஒருமுறை எடைக் கட்டத்தை மேலிருந்து கீழே ஓட்டிப் பாருங்கள். மெஷின் 10 கிராம் துல்லியத்தில் காட்டினால், 2500, 2800, 3000 என நூறில் முடிபவை பத்தில் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். பாதிக்குப் பாதி அப்படி இருந்தால், எடை பார்க்கப்படவில்லை அல்லது அருகிலுள்ள நூறுக்கு மாற்றி எழுதப்படுகிறது. இதில் 2500 தனி ஆபத்து. 2460 கிராம் குழந்தை 2500 ஆனதும் "எடை குறைவு" பட்டியலிலிருந்து வெளியேறுகிறது, கூடுதல் கவனிப்பையும் இழக்கிறது. வெப்பக் கட்டத்தில் எல்லாமே 36.5, 37.0 என்றிருந்தாலும் இதே சந்தேகம்தான்.

எடை மெஷினை வாரம் ஒருமுறை எடை தெரிந்த ஒரு பொருளை வைத்துச் சோதியுங்கள். அளந்து மூடிய 2 லிட்டர் தண்ணீர்ப் பாத்திரம் போதும். அந்தப் பாத்திரத்தின் காலி எடையை முன்பே எழுதி வையுங்கள். துணி விரித்தபின் பூஜ்யமாக்கிவிட்டுத்தான் குழந்தையை வைக்க வேண்டும். துணியோடு எடை பார்க்கும் பழக்கத்தால் நூறு கிராமுக்கு மேலும் கூடிவிடும்.

படி 3: முதல் ஒரு மணி நேரம்

பிறந்த நிமிடத்திலிருந்து கடிகாரம் ஓடுகிறது. துடைத்து, முதுகைத் தேய்த்தும் மூச்சு விடாத குழந்தைக்கு 60 வினாடிக்குள் பை-முகமூடி. நிமிடத்துக்கு 40 மூச்சு, ஒவ்வொன்றிலும் மார்பு உயர வேண்டும். பை எத்தனை நிமிடம் கொடுத்தோம், தானாக மூச்சு எப்போது வந்தது என்பவற்றை யாராவது ஒருவர் சத்தமாகச் சொல்லி எழுத வேண்டும். இருப்பது ஒரே ஆள் என்றால், முடிந்தபின் ஐந்து நிமிடத்துக்குள் எழுதுங்கள். பணி முடிகிற நேரத்துக்குத் தள்ளிப்போட்டால் எல்லாக் குழந்தையும் "உடனே அழுதது" ஆகிவிடும்.

வெப்பத்தைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் செலவில்லாமல் காப்பாற்றக்கூடிய உயிர்கள் இங்கேதான் அதிகம். அக்குளில் 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸ் இயல்பு. 36.0 முதல் 36.4 வரை குளிர்ச்சி தொடங்கிவிட்டது; 32.0 முதல் 35.9 வரை நடுத்தரம். 32-க்குக் கீழே கடுமை. சாதாரணக் காய்ச்சல் தெர்மாமீட்டர் பல 35-லிருந்துதான் தொடங்கும். 33 டிகிரியில் இருக்கும் குழந்தையின் வெப்பத்தை அதில் படிக்க முடியாது, செவிலியரும் 35 என்றே எழுதிவிடக்கூடும். ஆகவே 30 டிகிரி வரை காட்டும் தெர்மாமீட்டரைக் கேட்டு வாங்குங்கள்.

முனை அக்குளின் ஆழத்தில் இருக்க வேண்டும், குழந்தையின் கையை உடலோடு சேர்த்துப் பிடிக்க வேண்டும், ஒலி வரும் வரை எடுக்கக் கூடாது. கால் தொட்டுப் பார்ப்பது நல்ல முதல் சைகை. பாதம் சில்லென்றிருந்தால் உடனே தெர்மாமீட்டர் வையுங்கள்.

வெப்பம் குறைவதற்குக் காரணங்கள் பெரும்பாலும் நான்கு: ஈரத்தோடு கிடத்துவது, துடைத்த ஈரத்துணியிலேயே சுற்றுவது, 25 டிகிரிக்குக் கீழே இருக்கும் பிரசவ அறை (மின்விசிறி தாய்க்கு இதமாக இருக்கும், குழந்தைக்கு அல்ல), முதல் நாளே குளிப்பாட்டுவது. குளியலை 24 மணி நேரம் தள்ளிப்போட உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஒரு மணி நேர வெப்பத்தில் 36.5-க்குக் கீழே இருப்பவர்களின் சதவீதத்தை மாதந்தோறும் எழுதினால், இறப்பு எண்ணிக்கை அசைவதற்கு வெகு முன்பே வேலை சரியாக நடக்கிறதா என்று தெரிந்துவிடும்.

படி 4: வார்டில் கவனிப்பு

முதல் மணி நேரத்தில் 15 நிமிடத்துக்கு ஒருமுறை மூச்சும் நிறமும். அதன்பின் நலமான குழந்தைக்கு ஒவ்வொரு பணி நேரத்திலும் ஒருமுறையாவது மூச்சு, வெப்பம், பால் குடித்தல், அசைவு. நோயுற்ற அல்லது 2000 கிராமுக்குக் குறைந்த குழந்தைக்கு நான்கு மணிக்கொருமுறை. நிலை மோசமென்றால் மணிக்கொருமுறை.

மூச்சை முழு 60 வினாடி எண்ணுங்கள். பச்சிளங்குழந்தை சில வினாடி வேகமாக மூச்சு விட்டு, சில வினாடி நிறுத்தும். 15 வினாடி எண்ணி நான்கால் பெருக்கினால் தவறான எண் வரும். 60 அல்லது அதற்கு மேல் வந்தால் இன்னொரு முறை எண்ணி உறுதி செய்யுங்கள். அது உறுதியானாலோ, மார்பு ஆழமாக உள்வாங்கினாலோ, வலிப்பு வந்தாலோ, பால் குடிப்பது நின்றாலோ, தூண்டினால்தான் அசைகிறது என்றாலோ, வெப்பம் 35.5-க்குக் கீழே அல்லது 38-ம் அதற்கு மேலும் போனாலோ மருத்துவரை அழைப்பது செவிலியரின் விருப்பத்தைப் பொறுத்தது அல்ல, கட்டாயம். அழைத்த நேரம், மருத்துவர் வந்த நேரம் இரண்டையும் எழுதுங்கள். இறப்பை ஆராயும்போது அதிகம் பேசுபவை இந்த இரண்டு எண்கள்தான்.

ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் ஆக்சிமீட்டருக்குப் பச்சிளங்குழந்தைக்குரிய பட்டை உணரி வேண்டும். பெரியவர்களின் விரல் கிளிப்பைக் குழந்தையின் காலில் மாட்டி வரும் எண்ணை நம்பாதீர்கள். வெளிச்சம் படாமல் மூடி, அலை சீராகும் வரை பொறுத்து, கருவி காட்டும் நாடி நீங்கள் எண்ணிய இதயத்துடிப்போடு ஒத்துப்போகிறதா என்று பார்த்தபின் எழுதுங்கள். பிறந்த முதல் சில நிமிடங்களில் எண் இயல்பாகவே குறைவு: ஒரு நிமிடத்தில் 60–65%, ஐந்தில் 80–85%. குறைமாதக் குழந்தைக்கு ஆக்சிஜன் கொடுக்கும்போது 90 முதல் 95 வரை போதும். 100 காட்டுகிறது என்று நிம்மதியடையக் கூடாது. மிகையான ஆக்சிஜன் விழித்திரையைக் கெடுக்கும்.

கங்காரு பராமரிப்பில் (குழந்தையைத் தாயின் மார்போடு தோல் படும்படி வைத்திருப்பது) இருக்கும் குழந்தைக்கு ஒரு நாளில் மொத்தம் எத்தனை மணி நேரம் தோலோடு தோல் இருந்தது என்று படுக்கைத் தாளில் கோடு போட்டு எழுதச் சொல்லுங்கள். தாயோ பாட்டியோ போடலாம். 1000 முதல் 1799 கிராம் வரையிலான குழந்தைகளைப் பற்றி 2021-ல் வெளியான, ஐந்து நாடுகளில் நடந்த ஆய்வில், பிறந்த உடனேயே கங்காரு பராமரிப்பைத் தொடங்கியவர்களில் 28 நாள் இறப்பு 12.0%, நிலை சீரானபின் தொடங்கியவர்களில் 15.7%. பரிந்துரை நாளுக்கு 8 முதல் 24 மணி நேரம். "கங்காரு பராமரிப்பு கொடுக்கப்பட்டது" என்ற ஒற்றைச் சொல் 40 நிமிடத்தையும் குறிக்கலாம், 20 மணி நேரத்தையும் குறிக்கலாம்.

படி 5: வாசலைத் தாண்டியபின்

பச்சிளங்குழந்தை இறப்புகளில் ஏறத்தாழ முக்கால் பங்கு முதல் வாரத்தில் நடக்கிறது. பல தாய்மார்கள் ஒரே நாளில் வீடு திரும்புகிறார்கள். ஆகவே "வீட்டுக்கு அனுப்பும்போது உயிருடன்" என்பது உயிர்பிழைப்புக் கணக்கு அல்ல.

வீட்டுக்கு அனுப்பும்முன் செவிலியர் பதிவேட்டில் உள்ள தொலைபேசி எண்ணுக்கே அழைத்து மணி அடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். தவறான எண்கள் இந்த இடத்திலேயே தெரிந்துவிடும். 3, 7, 28ஆம் நாட்களில் அழையுங்கள். "குழந்தை நல்லா இருக்கா?" என்று மட்டும் கேட்டால் "நல்லா இருக்கு" என்றுதான் பதில் வரும். கடைசியாக எப்போது பால் குடித்தது, இன்று எத்தனை முறை சிறுநீர் போனது, மார்பு உள்வாங்குகிறதா, கண்ணும் உள்ளங்காலும் மஞ்சளாக இருக்கின்றனவா என்று கேளுங்கள். உள்ளங்கால் மஞ்சள் என்றால் அன்றே வரச் சொல்லுங்கள். குழந்தை இறந்துவிட்டது என்று கேட்க நேர்ந்தால், அந்த அழைப்பில் கேள்விகளை நிறுத்திவிட வேண்டும். ஆறுதல் சொல்லுங்கள், தாயின் உடல்நிலையை விசாரியுங்கள். விவரம் கேட்பது இன்னொரு நாள், முடிந்தால் நேரில், கிராமச் சுகாதாரப் பணியாளர் மூலம்.

பெரிய மருத்துவமனைக்கு அனுப்பிய குழந்தைகளுக்குத் தனித் தாள். அனுப்பிய நேரம், கிளம்பும்போது உடல் வெப்பம், போய்ச் சேர்ந்த நேரம், 28ஆம் நாள் நிலை. அங்குள்ள ஒரு செவிலியரின் எண் இருந்தால் வாரம் ஒரு அழைப்பில் எல்லாவற்றையும் கேட்டுவிடலாம். 36-க்குக் கீழே வெப்பத்தோடு ஆம்புலன்ஸ் ஏறும் குழந்தைகள் எத்தனை பேர் என்று இந்தத் தாள் காட்டும்.

தொடர்பு கிடைக்காதவர்களை "உயிருடன்" என்று எழுதிவிடாதீர்கள். 300 பிறப்பில் 270 பேரின் நிலை தெரிந்து அதில் 5 இறப்பு என்றால், கிடைக்காத 30 பேரும் பிழைத்தார்கள் என்று கொண்டால் ஆயிரத்துக்கு 16.7. அவர்களிடையே இறப்பு இருமடங்கு என்று கொண்டால் சுமார் 20. இரண்டையும் எழுதுங்கள். பத்தில் ஒருவருக்கு மேல் கிடைக்கவில்லை என்றால், விகிதத்தைவிட தொலைபேசிக் கட்டத்தைச் சரிசெய்வதே அவசர வேலை.

படி 6: எண்களைப் படிப்பது

மாதம் 50 பிறப்பில் ஒரு இறப்பு என்றால் ஆயிரத்துக்கு 20; அடுத்த மாதம் இரண்டு என்றால் 40. "இறப்பு இருமடங்கானது" என்று கூட்டம் கூட்டுவது வீண். சிறு எண்கள் தற்செயலாகவே இப்படி ஆடும். மாத விகிதத்தை விட்டுவிட்டு, ஒவ்வொரு இறப்புக்கும் அடுத்த இறப்புக்கும் இடையே எத்தனை குழந்தைகள் உயிருடன் பிறந்தார்கள் என்று வரைபடத் தாளில் புள்ளி வையுங்கள். ஆயிரத்துக்கு 20 என்ற நிலையில் இடைவெளி சராசரியாக 50. தொடர்ந்து 150 பிறப்பு இறப்பின்றிப் போவது தற்செயலாக நடக்க வாய்ப்பு சுமார் 5% மட்டுமே. அது ஏதோ மேம்பட்டிருப்பதன் அறிகுறி. இல்லையேல் யாரோ எழுதுவதை நிறுத்திவிட்டார்கள், அதையும் பாருங்கள்.

எடைவாரியாகப் பிரிக்காமல் எந்த முடிவுக்கும் வராதீர்கள். ஒரு காலாண்டில் சேர்ந்த 100 குழந்தைகளில் 1000–1499 கிராம் 10 பேர் (இறப்பு 4), 1500–2499 கிராம் 30 பேர் (இறப்பு 3), 2500-க்கு மேல் 60 பேர் (இறப்பு 2) என்று வையுங்கள். மொத்தம் 9%. அடுத்த காலாண்டில் அதே வரிசையில் 25 பேரில் 8, 30 பேரில் 2, 45 பேரில் 1. மொத்தம் 11%. மேலோட்டமாகப் பார்த்தால் நிலைமை மோசம். ஆனால் ஒவ்வொரு எடைப் பிரிவிலும் இறப்பு குறைந்திருக்கிறது: 40-லிருந்து 32%, 10-லிருந்து 6.7%, 3.3-லிருந்து 2.2%. மிகச் சிறிய குழந்தைகள் அதிகம் வந்ததால் மொத்தம் உயர்ந்தது. இதைப் புரிந்துகொள்ளாத நிர்வாகம், சிறிய குழந்தைகளைச் சேர்க்காமல் திருப்பி அனுப்பச் சொல்லும்.

படி 7: ஒவ்வொரு இறப்பையும் உட்கார்ந்து பேசுவது

இறப்பு நடந்த ஒரு வாரத்துக்குள், பிரசவ அறை, வார்டு, ஆம்புலன்ஸ் மூன்றிலிருந்தும் ஒவ்வொருவர். மருத்துவமனைக்குள் நடந்த இறந்து பிறப்புகளும் இதில் வரும். முதலில் நேரக்கோடு: எத்தனை மணிக்கு என்ன நடந்தது. பெயர்கள் வேண்டாம். பேசப்படும் எதுவும் ஒழுங்கு நடவடிக்கைக்குப் போகாது என்று தலைமை மருத்துவர் ஒவ்வொரு முறையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

"மூச்சு நின்றது" காரணம் அல்ல, எல்லா மரணத்திலும் மூச்சு நிற்கும். "குறைமாதம்" என்பதோடும் நிறுத்தாதீர்கள். 1400 கிராம் குழந்தை குளிர்ந்து இறந்ததா, சர்க்கரை குறைந்து இறந்ததா, தொற்றிலா, இரவில் மூச்சை மறந்து கிடந்தபோது யாரும் பார்க்காமலா? ஒவ்வொன்றுக்கும் தீர்வு வேறு. செரீன் தாடியஸ், டெபோரா மெய்ன் இருவரும் தாய்மார் இறப்புக்காக 1994-ல் வகுத்த மூன்று தாமதங்கள் இங்கேயும் உதவும்: உதவி தேட முடிவெடுப்பதில், வந்து சேர்வதில், வந்தபின் சிகிச்சை கிடைப்பதில். முதல் இரண்டையே பேசிவிட்டுக் கலைவது எளிது, அவை பிறர் பொறுப்பு. மூன்றாவதுக்குக் குறைந்தது பாதி நேரம் ஒதுக்குங்கள்.

முடிவில் ஒரே ஒரு மாற்றம், அதற்கு ஒரு பொறுப்பாளர், ஒரு தேதி. "செவிலியர்களுக்கு அறிவுறுத்தப்பட்டது" என்பது மாற்றம் அல்ல. "0, 1 அளவுச் சிறிய முகமூடிகள் இரண்டும் குழந்தையைச் சூடாக வைக்கும் வார்மர் பக்கத்தில் தொங்கும், ஒவ்வொரு பணி மாற்றத்திலும் பையை உள்ளங்கையில் அழுத்திச் சோதித்துக் கையெழுத்து" என்பது மாற்றம். அடுத்த கூட்டம் இந்தத் தாளைப் படித்துத்தான் தொடங்க வேண்டும்.

ஆண்டுக் கணக்கை டிசம்பர் 31 அன்று மூடிவிடும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அன்று பிறந்த குழந்தைக்கு 28 நாள் நிறைவது ஜனவரி 28. அந்தக் கடைசி அழைப்பு போய், பதில் எழுதப்பட்ட பிறகு கோட்டைப் போடுங்கள்.